அடுத்தவர் பாத்திரத்தை நாம் எழுதலாமா?

நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் இடைவிடாது தட்டச்சு செய்வதைக் கண்டால், அரட்டை என்றே நாம் முடிவு கட்டிவிடுகிறோம். எல்லாமே அரட்டை அன்று. சிலர் கதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் தனியாக அன்று, இருவராகவோ ஐவராகவோ சேர்ந்து. ஒருவர் மரக்கலத்தின் மாலுமி. மற்றொருவர் அதில் பயணம் செய்யும் மிளகு வணிகர். மாலுமியை எழுதுபவர் நான்கு வரி எழுதி நிறுத்துவார். வணிகரை எழுதுபவர் அதற்கு மறுமொழியாக நான்கு வரி எழுதுவார். கடலில் புயல் எழும், கலம் தடுமாறும், கதை எங்கு போய்ச் சேரும் என்பது இருவருக்குமே தெரியாது. படமில்லை, ஒலியில்லை, எழுத்து மட்டுமே. இதனை ‘ரோல்பிளே’ என்று அழைக்கிறார்கள்.

இது நேற்று முளைத்த பழக்கமும் அன்று. 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்னும் மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்னும் கணினி விளையாட்டில், பலர் ஒரே நேரத்தில் எழுத்தின் வழியாகவே ஓர் உலகினுள் நடமாடினார்கள். இன்று டிஸ்கார்ட் போன்ற செயலிகளில் நம் பிள்ளைகள் எழுதும் கதைகள் அந்த மரத்தின் கிளைகள்.

இதனை அறியும்போது பெற்றோராகிய நம்மில் பலர் செய்வது, கைப்பேசியைப் பறித்து வைப்பது. வேறு சிலர் ஏதோ எழுதுகிறான், எழுதட்டும் என்று விட்டுவிடுகிறோம். இரண்டும் போதா என்பதே நம் கருத்து. நபிமார்களைப் பாத்திரமாக்கி எழுதுவதும், ஆபாசமும், மார்க்கத்தைக் கேலி செய்வதும் நம் வீட்டில் பேச்சுக்கே இடமற்றவை. அவற்றை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். மீதமுள்ள பெரும்பரப்பில் பிள்ளைக்கு வேண்டியது தடையைவிட அதபு. அந்த ஒழுக்கத்தை நாம் கற்பிக்க வேண்டுமானால், அங்கே எது பிழையாகக் கருதப்படுகிறது என்பதை முதலில் நாம் அறிந்திருக்க வேண்டும்.

பிழைகளில் தலையாயது ஒன்று உண்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் நடுவர் ஒருவர் இருப்பார், பகடையும் உருளும். வாள் பட்டதா, தவறியதா என்பதை அவ்விரண்டும் தீர்த்துவைக்கும். எழுத்துவழி ரோல்பிளேயில் பெரும்பாலும் நடுவருமில்லை, பகடையுமில்லை. அப்படியானால் மாலுமியின் வாள் வணிகர் மேல் பட்டதா என்பதை யார் சொல்வது? வணிகரை எழுதுபவர்தாம் சொல்ல வேண்டும். இந்த ஓர் உரிமையின் மேல்தான் ஆட்டம் முழுவதும் நிற்கிறது.

‘மாலுமி வாளை உருவி வணிகனின் தோளை நோக்கி வீசினான்’ என்று எழுதி நிறுத்தினால் அது முறையான எழுத்து. வணிகன் விலகலாம், காயம்படலாம், கடலில் குதித்துத் தப்பலாம். ‘மாலுமியின் வாள் வணிகனின் தோளைப் பிளந்தது, அவன் அலறியபடி மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டான்’ என்று எழுதினால்? வணிகனை எழுதும் பிள்ளைக்கு எழுத எஞ்சியிருப்பது என்ன? அவனுடைய காயத்தையும் அலறலையும் மன்னிப்பையும் மற்றவரே எழுதி முடித்துவிட்டார். இதனைக் ‘காட்மோடிங்’ என்பார்கள். எந்த அடியும் படாத, எவராலும் வெல்லமுடியாத பாத்திரமாகத் தன்னை ஆக்கிக்கொள்வதையும் அதே பெயரால் சுட்டுவார்கள். அடுத்தவர் பாத்திரத்தைத் தானே அசைப்பதைப் ‘பவர்பிளே’ என்று பிரித்துச் சொல்வாரும் உளர். பெயர் எதுவாயினும் செயல் ஒன்றே: பிறர் கையிலுள்ள எழுதுகோலைப் பிடுங்குவது.

வாள்வீச்சில் இது எவர் கண்ணுக்கும் தெரிந்துவிடும். மென்மையான வரிகளில்தான் தெரிவதில்லை. ‘அதைக் கேட்டு அவள் புன்னகைத்தாள்’, ‘அவளும் அவனோடு நடந்தாள்’, ‘அவள் மறுப்பேதும் சொல்லவில்லை.’ இவ்வரிகளை எழுதியது யார் என்று பாருங்கள். ‘அவள்’ பாத்திரத்துக்கு உரியவர் எழுதவில்லையென்றால், ஒருவரின் சம்மதத்தை மற்றொருவர் எழுதியிருக்கிறார் என்பதே பொருள். புதிதாக எழுத வருபவர்கள் இதனை அறியாமையால் செய்கிறார்கள், சொன்னால் திருத்திக்கொள்வார்கள். சொன்ன பின்னும் தொடர்பவரைப் பற்றியே நம் பிள்ளைகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பிறர் இல்லத்துள் சலாமும் அனுமதியும் இன்றி நுழையலாகாது, திரும்பிச் செல்லுமாறு சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது சூரத்துந் நூர் நமக்குக் கற்றுத்தரும் ஒழுங்கு. ஒருவர் உருவாக்கிய பாத்திரமும் அவருடைய வீட்டைப் போன்றதே. நம் பிள்ளைகளுக்கு இந்த ஒப்புமையைச் சொன்னால், நீண்ட விளக்கம் தேவைப்படாது.

வெறும் எழுத்துத்தானே, இதற்கு இத்தனை பெரிய பேச்சா என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய நிகழ்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் என்பவர் 1990இல் ‘லாம்டாமூ’ என்னும் எழுத்துலகைத் தொடங்கினார். பெரியதொரு மாளிகையும் அதன் அறைகளும் முழுக்க எழுத்தாலேயே ஆனவை. 1993இல், ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற பெயரில் உலவிய ஒருவன், ஒரு சிறு நிரலின் துணையால், அங்கிருந்த மற்றவர்களின் பாத்திரங்கள் இழிவான செயல்களைத் தாமே செய்வதுபோல் எல்லார் திரையிலும் எழுத்துத் தோன்றச் செய்தான். எழுதியவன் அவன், செய்தவர்களாகக் காட்டப்பட்டவர்கள் அவர்கள். தொட்டவர் எவருமில்லை, குருதி சிந்தவுமில்லை. ஆயினும் பாதிக்கப்பட்டவர்களுள் ஒருவரான சியாட்டில் நகரத்துப் பெண்மணி, அவனுக்கு எதிரான கண்டனத்தை எழுதியபோது தம் கண்களிலிருந்து கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது எனச் சில மாதங்களுக்குப் பின் ஜூலியன் டிப்பல் என்னும் எழுத்தாளரிடம் கூறினார். டிப்பல் அதனை 1993 டிசம்பரில் நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் விரிவான கட்டுரையாக எழுதினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய மற்றொரு பகுதியும் உண்டு. பயனர்களிடையே எழும் சச்சரவுகளில் இனித் தலையிடுவதில்லை என்று அதன் நிர்வாகிகள் முன்னரே அறிவித்திருந்தார்கள். எனவே, என்ன செய்வது என்று அங்குள்ளோர் கூடிக் கூடிப் பேசினார்கள், முடிவு எட்டப்படவில்லை. இறுதியில் ஒரு நிர்வாகி தாமாகவே முன்வந்து அந்தக் கணக்கை அழித்தார். அதன்பின்னரே, உறுப்பினர்கள் மனுக் கொடுத்து வாக்களித்து முடிவெடுக்கும் முறையைக் கர்ட்டிஸ் ஏற்படுத்தினார். பெரியவர்கள் நிறைந்த இடத்திலேயே நிலைமை இதுவென்றால், பதினான்கு வயதுப் பிள்ளை தனியே நிற்கும் இடத்தில் ‘நீயே பார்த்துக்கொள்’ என்று நாம் ஒதுங்குவது எவ்வளவு பொருந்தும்?

ஏனைய பிழைகள் இத்துணைக் கடுமையானவை அல்ல. கப்பலின் கீழறையில் வணிகன் புதையலை மறைத்ததை எழுத்தில் படித்த மாலுமி, அங்கு போகாமலே புதையல் இருக்குமிடத்தை அறிந்தவனாக நடப்பது ‘மெட்டாகேமிங்’. எழுதுபவர் அறிந்ததைப் பாத்திரம் அறியாது. அழகு, அறிவு, வீரம் யாவும் ஒருங்கே அமைந்த, குறையே இல்லாத பாத்திரத்துக்கு ‘மேரி சூ’ என்று பெயர். 1973இல் பாலா ஸ்மித் என்பவர் ரசிகர் இதழொன்றில் எழுதிய நையாண்டிக் கதையிலிருந்து அது வந்தது. பதினைந்தரை வயதிலேயே விண்கலப் படையில் லெஃப்டினன்ட் ஆகிவிட்டவள் அதன் நாயகி! புதியவர்களின் முதல் பாத்திரம் ஏறத்தாழ எப்போதும் இப்படித்தான் இருக்கும். அதற்காக எவரையும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர் இரண்டு பத்தி எழுதியிருக்க, ‘சரி என்றான்’ என ஒற்றை வரியில் முடிப்பதும், மெதுவாகத் தட்டச்சு செய்பவரின் முறை வருமுன் மூவர் முந்திக்கொள்வதும், பிறரின் எழுத்துப் பிழையை எல்லார் முன்னிலையிலும் சுட்டுவதும் சபை நாகரிகம் இன்மையன்றி வேறில்லை. பாத்திரத்தைக் கொல்வது மட்டும் தனி. அதற்கு உரியவரிடம் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். மாதக்கணக்கில் வளர்த்த ஒன்றை ஒரு வரியில் புதைத்துவிட்டு ‘கதைதானே’ என்பது அழகன்று.

கதைக்கு வெளியே பேசுவதற்கென்று இவர்கள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்: இரட்டை அடைப்புக்குறி. அதற்குள் எழுதுவது பாத்திரத்தின் பேச்சன்று, எழுதுபவரின் பேச்சு. ‘((மக்ரிப் நேரம். தொழுதுவிட்டு வருகிறேன்.))’ என்று நம் பிள்ளைகள் எழுதினால், எதிரிலிருப்பவர் எந்த நாட்டவராயினும் காத்திருப்பார். இச்சிறிய வரியை எழுத வெட்கப்பட்டு, தொழுகையைத் தள்ளிப்போடுவதோ, சொல்லாமல் மறைந்துவிட்டு மற்றவரை மணிக்கணக்கில் காக்க வைப்பதோ வேண்டாம். கதையை முற்றிலும் விட்டு விலக நேர்ந்தாலும் ஒரு வரி சொல்லிவிட்டே விலக வேண்டும்.

பாத்திரமேற்று எழுதுவது பொய் சொல்வதாகாதா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. கேட்கத் தகுந்த கேள்விதான். இது கதை என்பது இருபுறமும் தெரிந்திருக்கும்போது ஏமாற்றுதல் அங்கில்லை என்பது நம் எண்ணம். பதினைந்து வயதுப் பையன் கதைக்குள் எழுபது வயது மாலுமியாக எழுதினால் அவன் பொய் சொல்லவில்லை. அதே பையன் அடைப்புக்குறிக்குள் தனக்கு இருபத்திரண்டு வயது என்று எழுதினால் அது பொய். டிஸ்கார்டில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பிறந்த ஆண்டை மாற்றிப் பதிந்து கொடுப்பவர் பல வீடுகளில் அண்ணனோ ராத்தாவோதான். பொய்யின் முதல் பாடத்தை அங்கேயே கற்பித்துவிடுகிறோம்.

தீங்கு நுழையும் வாயிலும் பெரும்பாலும் அந்த அடைப்புக்குறியே. கதைக்குள் மாலுமிக்கும் வணிகரின் மகளுக்கும் இடையே பரிவு வளர்கிறது. மெல்ல மெல்ல, ‘((நீ எந்த ஊர்?))’ என்ற வரி வருகிறது. பிறகு, இங்கே வேண்டாம், வேறு செயலியில் பேசுவோம் என்ற அழைப்பு. பிறகு நிழற்படம். பாத்திரத்தின் மேலிருந்த அன்பு எழுதுபவர் மேலிருப்பதாக மயங்கித் தோன்றுவது வயது வந்தோருக்கும் நேர்வதே. இவ்வுலகில் இதற்கு ‘ப்ளீட்’ என்ற தனிச்சொல்லே வழங்குகிறது. ‘அவள் மறுப்பேதும் சொல்லவில்லை’ என்று பிறர் எழுதிய வரிகளைப் பல மாதங்கள் படித்துப் பழகிய ஒரு பெண்பிள்ளைக்கு, அடைப்புக்குறிக்கு வெளியேயும் உள்ளேயும் ‘மாட்டேன்’ என்று எழுதுவது எவ்வளவு கடினமாகிவிடும் என்பதை உம்மாமார் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். முதல் புன்னகையிலேயே ‘((என் பாத்திரத்தை நான்தான் எழுதுவேன்))’ என்று சொல்லப் பழகிய பிள்ளைக்கு அந்தக் கடினம் குறைவு.

செயற்கை நுண்ணறிவோடு கதை வளர்ப்பதைப் பற்றியும் ஒரு சொல். மனிதரோடு எழுதுவதைவிட இயந்திரத்தோடு எழுதுவது பாதுகாப்பானது என்று எண்ணும் பெற்றோர் உண்டு. அந்நியர் எவருமில்லை என்பது உண்மை. ஆனால் இயந்திரத்துக்கு மனம் புண்படாது. அதன் பாத்திரத்தை எப்படித் தள்ளினாலும் பெரும்பாலும் அதற்கேற்ப வளைந்து கொடுக்கும். காக்க வைத்தாலும் முகம் சுளிக்காது. எழுதுகோலைப் பிடுங்கலாகாது என்பதை அங்கே ஒரு பிள்ளை எவரிடம் கற்கும்? இவ்வகைச் செயலிகளுள் பெயர்பெற்ற ‘கேரக்டர் ஏஐ’, 18 வயதுக்கு உட்பட்டோர் அதன் பாத்திரங்களோடு வரம்பின்றி உரையாடுவதை 2025 நவம்பரில் நிறுத்திவிட்டது என்பதையும் நினைவில் கொள்வோம்.

இன்றிரவே பிள்ளையின் கைப்பேசியை வாங்கிப் பழைய வரிகளையெல்லாம் துருவத் தொடங்க வேண்டாம். அது நாம் மேலே சொன்ன அனுமதிக்கு முரண். பிள்ளையும் அடுத்த நாளே வேறு கணக்கு தொடங்கிவிடும். அருகில் அமர்ந்து, ‘உன் பாத்திரம் யார்? இப்போது கதை எங்கே நிற்கிறது?’ என்று கேளுங்கள். பிள்ளைகள் இதைச் சொல்ல எவ்வளவு ஆவலாக இருக்கிறார்கள் என்பது வியப்பளிக்கும். சற்றுக் கேட்டபின், ‘உன் பாத்திரத்தை வேறு யாராவது எழுதிவிடுகிறார்களா? அப்போது நீ என்ன சொல்வாய்?’ என்று கேளுங்கள். அப்படி நேர்ந்தால், ஒருமுறை அடைப்புக்குறிக்குள் பணிவாகச் சொல்லலாம்: ‘((இந்த வரியை மாற்றிவிடுங்கள், என் பாத்திரம் இதைச் செய்யாது.))’ மறுமுறையும் தொடர்ந்தால், அந்த வரிகளைத் திரைப்படமாகச் சேமித்துக்கொண்டு, குழுவின் பொறுப்பாளரிடம் தெரிவித்து, அவரைத் தடைசெய்துவிட வேண்டும். கதை பாதியில் நின்றால் நிற்கட்டும். வணிகனுக்கு வேறு மரக்கலம் கிடைக்கும்.