பாதி நாதம் பெட்டியிலே

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கி ஒன்றை நம்மிடம் கொண்டுவந்தான். பெட்டி கிடையாது; காகிதக் கூம்பும் காந்தமும் மட்டுமே. அதில் ஒரு கச்சேரியை வைத்துக் கேட்டோம். பாடகரின் குரல் தகரத்தைச் சுரண்டுவது போலிருந்தது. மிருதங்கத்தின் தொப்பி நாதத்தையோ காணவே காணோம்! "இது தேறாது, அப்பா! குப்பையில் போடு" என்று தீர்ப்புக் கூறிவிட்டோம்.

பையன் லேசில் விடவில்லை. மேஜையளவு அட்டை ஒன்றில் வட்டமாகத் துளை வெட்டி, அதில் ஒலிபெருக்கியைப் பொருத்தினான். "இப்போ கேளுங்க, ஸார்" என்றான். என்ன ஆச்சரியம்! தொப்பி பேசிற்று. நாம் வெட்கித் தலை குனிந்தோம்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. இரண்டும் விளிம்பைச் சுற்றிவந்து கலந்தால், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். விநாடிக்கு 50 அதிர்வுள்ள கனத்த நாதத்தின் அலைநீளம் சுமார் 7 மீட்டர். ஒரு சாண் கூம்பைச் சுற்றிவருவது அதற்கு ஒரு பொருட்டா? கீச்சு ஒலியின் அலைநீளமோ சில அங்குலந்தான். ஆகவே அது தப்பிவிடுகிறது.

அட்டைக்குப் பதிலாக மூடிய பெட்டி வைத்தால், பின்னலை சிறைப்பட்டுவிடும். ஆனால் பெட்டி சிறியதானால், உள்ளே அடைபட்ட காற்று கூம்பை வில்சுருள் போல் எதிர்த்துக் கனத்த நாதத்தைக் குறைக்கும். அமெரிக்கரான எட்கர் வில்சூர் 1954-ல் இந்த விரோதியையே வேலைக்கு அமர்த்தினார். கூம்பின் பிடிப்பை நன்றாகத் தளர்த்தி, அதைத் தாங்கும் பொறுப்பைக் காற்றிடமே ஒப்படைத்தார். சிறு பெட்டியும் கம்பீரமாக முழங்கிற்று. அதற்கு முன்பே, 1932-ல், ஆல்பர்ட் துராஸ் வேறொரு யுக்திக்குப் பேடண்ட் பெற்றிருந்தார். பெட்டியில் அளவறிந்து ஒரு துவாரம் வைத்தால், பின்னலை திசைமாறி வெளிவந்து முன்னலைக்கே துணை நிற்கும்.

பையனின் ஒலிபெருக்கிக்குப் பெட்டி செய்ய வந்த தச்சர், "வீணைக் குடம் மாதிரி மெல்லிசாக இழைத்துவிடட்டுமா?" என்று கேட்டார். கூடாது! வீணை தன் நாதத்தைத் தானே பிறப்பிப்பது. அதன் குடம் அதிர்ந்தே ஆகவேண்டும். ஒலிபெருக்கியோ பிறர் நாதத்தைத் திருப்பிச் சொல்வது. அதன் பெட்டியும் சேர்ந்து பாடினால் கச்சேரி கெட்டது! கனத்த பலகை, உள்ளே குறுக்குச் சட்டம், கொஞ்சம் பஞ்சு: இவையே அதற்கு ஏற்றவை.

இன்று நம் பள்ளியின் காலைப் பிரார்த்தனை அந்த ஒலிபெருக்கியிலேதான் ஒலிக்கிறது. அன்று நம் தீர்ப்பைப் பையன் ஏற்றுக்கொண்டிருந்தால்? இருக்க இடம் கொடாமலே, குரல் சரியில்லையென்று நாம் ஒதுக்கியவை இன்னும் எத்தனையோ!