ஒரு பிளாஸ்டிக் அகல் விளக்கு, மூன்று கதவுகள்

தீபாவளி நெருங்கும்போது பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ நடந்தவர்களுக்கு இந்தப் பொருளை நன்றாகத் தெரியும். மண் அகல் வடிவில் ஒரு பிளாஸ்டிக் விளக்கு. எண்ணெயும் வேண்டாம், திரியும் வேண்டாம். அடியில் பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரி, மேலே சுடர்போல் மினுக்கும் எல்.இ.டி. பல்பு. சில ரிங்கிட்டுக்கு ஒரு பெட்டி கிடைக்கும். திருப்பிப் பார்த்தால் சீனாவில் செய்யப்பட்டது என்று அச்சிட்டிருக்கும்.

அது கப்பலில் வந்து இறங்கும்போது சுங்க அதிகாரி கேட்கும் முதல் கேள்வி “விலை என்ன?” என்பதல்ல. “இது என்ன?” என்பதுதான். விளக்கு என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். சுங்கத்துறைக்கு அந்தப் பதில் போதாது. அதற்கு ஓர் எண் வேண்டும்.

உலக வாணிகத்தில் நகரும் எல்லாப் பொருள்களுக்கும் எண் தரும் அமைப்பை எச்.எஸ். முறை என்பார்கள். பிரசெல்ஸில் உள்ள உலகச் சுங்க அமைப்பு இதைப் பராமரிக்கிறது. 1988 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. முதல் 2 இலக்கங்கள் அத்தியாயம், 4 இலக்கங்கள் தலைப்பு, 6 இலக்கங்கள் உபதலைப்பு. இந்த ஆறு வரை உலகம் முழுதும் ஒன்றே. அதற்கு மேல் ஆசியான் நாடுகள் 8 இலக்கம் வரை பொதுவாக நீட்டியிருக்கின்றன. மலேசியா தன் தேவைக்கு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்கிறது. இறக்குமதியாளர் நிரப்பும் கே1 பாரத்தில் இந்த எண் இல்லாமல் பெட்டி நகராது.

சரி, நம் விளக்குக்கு வருவோம். அதற்கு எதிரே மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதல் கதவு 39ஆம் அத்தியாயம், அதாவது பிளாஸ்டிக். வீட்டு உபயோகப் பொருள்களுக்கு 3924, பொம்மைச் சிலை, அலங்காரப் பொருள்களுக்கு 3926.40. விளக்கின் உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக்தானே என்று பலர் இங்கேதான் நுழையப் பார்ப்பார்கள். ஆனால் அந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் உள்ள 2ஆம் குறிப்பு ஒரு வாயிற்காவலர் மாதிரி. 94ஆம் அத்தியாயத்தில் அடங்கும் விளக்குகளும் 95ஆம் அத்தியாயத்தில் அடங்கும் விளையாட்டுப் பொருள், பண்டிகைப் பொருள்களும் இங்கே வரக்கூடாது என்று அது திருப்பி அனுப்பிவிடும். எதனால் செய்யப்பட்டது என்பதைவிட எதற்காகச் செய்யப்பட்டது என்பதே இங்கே முந்துகிறது. புதிதாக இறக்குமதித் தொழிலுக்கு வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

இரண்டாவது கதவு 9405, விளக்குகளும் ஒளிச் சாதனங்களும். மூன்றாவது கதவு 9505, பண்டிகை, கேளிக்கைப் பொருள்கள். சண்டை உண்மையில் இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

94ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பைப் படித்தால் நமக்குப் பழக்கமான ஒன்று கண்ணில் படும். சீன விளக்குக்கூடுகள் போன்ற அலங்காரப் பொருள்கள் 9505க்குப் போக வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு நம் கடைத்தொகுதிகளில் தொங்கும் சிவப்புக் கூடுகள்தாம் அவை. மின்சாரச் சரவிளக்குகள் மட்டும் எந்தப் பண்டிகைக்கு என்றாலும் 9405லேயே இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி.

அப்படியானால் தீபாவளி அகல் விளக்கும் பண்டிகை அலங்காரம்தானே, 9505 என்று போட்டுவிடலாமா?

அமெரிக்க நீதிமன்றங்கள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றன. கிறிஸ்துமஸ் தொங்கட்டான்கள், ஹாலோவீன் குவளைகள் பற்றிய 1997ஆம் ஆண்டு வழக்கிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் அது உருவானது. ஒரு பொருளின் தோற்றம் ஒரு பண்டிகையோடு எவ்வளவு ஒட்டியிருக்க வேண்டும் என்றால், வேறு நாளில் அதைப் பயன்படுத்துவது விசித்திரமாகத் தெரிய வேண்டும். ஜூன் மாதத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மை வைத்தால் வீட்டுக்கு வருகிறவர் ஒரு மாதிரி பார்ப்பார். அகல் விளக்கோ கார்த்திகைக்கும் உண்டு. வெள்ளிக்கிழமைக்கும் உண்டு. பூசை அறையில் தினமும் உண்டு. நாம் அடிக்கடி விளக்கேற்றுவதே, அந்த அளவுகோலின்படி, அதைப் பண்டிகைப் பொருள் அல்லாததாக்கிவிடும்!

பேட்டரியும் பல்பும் உள்ள விளக்கு 9405க்குத்தான் போகும் என்பது என் கணிப்பு. அதற்குள் எல்.இ.டி. மட்டும் பயன்படுத்தும் பிற மின்விளக்குகளுக்கு 2022 பதிப்பு 9405.42 என்ற இடத்தை ஒதுக்கியது. பின்பக்கம் ஒரு சிறு சூரியத் தகட்டை ஒட்டிவிட்டால் அதே விளக்கு 9405.41 ஆகிவிடும். பல்பையே எடுத்துவிட்டு வெறும் அலங்காரமாக விற்றால் வாதம் மறுபடியும் 3926.40க்கும் 9505க்கும் திரும்பும்.

இந்த அட்டவணையைப் புரட்டும்போது ஒன்று உறுத்துகிறது. பண்டிகைப் பொருள்களில் கிறிஸ்துமஸுக்கு 9505.10 என்று தனி எண். கிறிஸ்துமஸ் மரச் சரவிளக்குக்கும் 9405க்குள் தனி இடம். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு எல்லாம் 9505.90 என்ற ‘மற்றவை’க்குள் அடக்கம். சதி எதுவும் இல்லை. உலக அளவில் வாணிகம் அதிகமாக நடக்கும் பொருளுக்குத் தனி எண் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனாலும் தனி எண் இல்லாத பொருளுக்குத் தனிப் புள்ளிவிவரமும் கிடையாது. ஆறு இலக்க உலகக் கணக்கை வைத்துக்கொண்டு, எத்தனை தீபாவளிப் பொருள்கள் எல்லை கடந்தன என்று எந்த மாணவராலும் ஆய்வேடு எழுத முடியாது.

ஓர் எண்ணுக்காக இவ்வளவு மெனக்கெடுவார்களா என்று தோன்றலாம். 2003இல் அமெரிக்காவின் பன்னாட்டு வாணிக நீதிமன்றத்தில் நடந்ததைக் கேளுங்கள். எக்ஸ்-மென் கதாபாத்திரங்களின் பிளாஸ்டிக் உருவங்களை இறக்குமதி செய்த டாய் பிஸ் நிறுவனம், அவை மனித உருவங்கள் அல்ல என்று வாதிட்டது. காரணம் எளிது. மனிதரைக் காட்டும் ‘பாவை’ என்றால் 12 விழுக்காடு வரி. மனிதர் அல்லாத ‘விளையாட்டுப் பொருள்’ என்றால் 6.8 விழுக்காடு. நீதிபதி ஜூடித் பார்சிலே உருவங்களின் நகம், வால், இறக்கை எல்லாவற்றையும் ஆராய்ந்து நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். பிறழ்மனிதர்களும் மனிதர்களே என்று எத்தனையோ ஆண்டுகளாகக் கதை சொல்லிவந்த மார்வெலின் துணை நிறுவனமே இப்படி வாதாடியது ரசிகர்களுக்குக் கோபத்தை மூட்டியது. 2007 பதிப்பில் பாவைகளையும் விளையாட்டுப் பொருள்களையும் 9503 என்ற ஒரே தலைப்பில் சேர்த்துவிட்டார்கள். இன்று அந்த வழக்குக்கே இடமில்லை.

இப்போது இந்த விவகாரம் ஏன் சூடுபிடித்திருக்கிறது? இணையத்தில் வாங்கும் சிறு பொட்டலங்கள்தாம் காரணம். அமெரிக்காவில் 800 டாலருக்கு உட்பட்ட பொட்டலங்கள் முன்பு வரியில்லாமல், பெரும்பாலும் விரிவான எண்ணும் இல்லாமல் உள்ளே போயின. 2025 ஆகஸ்டு 29 முதல் அந்தச் சலுகை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. மலேசியாவோ 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இணையப் பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் ஒரே சீராக 10 விழுக்காடு விற்பனை வரி விதிக்கிறது. விகிதம் ஒன்றே என்பதால் அங்கே எண்ணைப் பற்றிய தலைவலி குறைவு. எனக்குத் தெரிந்தவரை சிறு பொருள்களுக்கு இதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி.

ஐரோப்பிய ஒன்றியம் 150 யூரோவுக்குக் குறைந்த பொட்டலங்களுக்கு 2026 ஜூலை 1 முதல் 3 யூரோ தீர்வை என்று 2025 டிசம்பரில் முடிவெடுத்தது. கேட்க எளிமைதான். ஆனால் அந்த 3 யூரோ பொட்டலத்துக்கு அல்ல. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும். வகையைத் தீர்மானிப்பது எது? அதே உபதலைப்பு எண். இரண்டு அகல் விளக்குகள் அனுப்பினால் 3 யூரோ. ஒரு விளக்கும் ஒரு காகிதத் தோரணமும் அனுப்பினால் 6 யூரோ. வாசல் வழியாக அனுப்பிவைத்த வகைப்பாடு சன்னல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

கொள்கலனில் இறக்கும் நம் ஊர்க் கடைக்காரருக்கு எண்ணைத் தவிர்க்க வழியில்லை. வரி விகிதம் மட்டும் பிரச்சினை அல்ல. ஆசியான்-சீனா உடன்பாட்டின் சலுகை கேட்டு அவர் கொடுக்கும் ‘ஃபார்ம் இ’யில் ஓர் எண், கே1 பாரத்தில் வேறு எண் என்றால் கேள்வி எழும். விளக்கை விளையாட்டுப் பொருள் என்று அறிவித்தால், மலேசியாவில் விளையாட்டுப் பொருள்களுக்கான பாதுகாப்புத் தரமும் ‘எம்.சி.’ முத்திரையும் குறுக்கே வரும். குறைவாகக் கட்டிய தீர்வையைப் பின்னாளில் கேட்டு வாங்கவும் சுங்கத்துறைக்கு அதிகாரம் உண்டு. அதற்குள் விளக்குகள் விற்றுத் தீர்ந்திருக்கும். வாங்கியவர்களிடம் போய் மிச்சப் பணம் கேட்க முடியாது.

இதற்காகவே 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், சரக்கு வருவதற்கு முன்பே எழுத்துமூலம் தீர்ப்புக் கேட்க இடம் தருகிறது. முடிவில் உடன்பாடு இல்லையென்றால் சுங்க மேல்முறையீட்டு நடுவர் மன்றம் இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு இந்த வழிகள் பழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளிச் சரக்கு இறக்கும் சிறு வணிகரோ ஏஜெண்டு சொல்லும் எண்ணில் கையெழுத்துப் போடுகிறார். அறிவிப்பு அவர் பெயரில் இருப்பதால் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்கிறது.

வணிகம், கணக்கியல், சட்டம் படிக்கும் மாணவர்கள் சுங்கத்துறையின் எச்.எஸ். எக்ஸ்ப்ளோரர் தளத்தில் 9405, 9505 என்று தட்டிப் பாருங்கள். பிறகு வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பிளாஸ்டிக் சாமானை எடுத்து அதன் எண்ணைக் கண்டுபிடிக்க முயலுங்கள். கடை மேசையில் கையாட்டும் தங்கநிறப் பூனை கிடைத்தால் இன்னும் நல்லது. அது அலங்காரமா, விளையாட்டுப் பொருளா, மோட்டார் உள்ள கருவியா?