பாசறைக்கு எந்த விரிப்பு?

பெண் சாரணியர் பாசறைக்கான பொருட்பட்டியலில் இம்முறை, கூடாரத்துக்கு அடியில் விரிக்க, சிலிக்கன் பூசிய இறக்குமதி நைலோன் விரிப்புக் கேட்டிருக்கிறார்கள். பாரம் குறைவு, மடித்தால் கைக்குள் அடங்கும், மறுக்கவில்லை. நாட்கணக்கில் சுமந்து மலையேறுவோருக்கு அது பெறுமதியானதே. நாமோ பஸ்ஸில் போய் இறங்குகிறோம். ஹாட்வெயார் கடையில் வெட்டித் தரும் பொலித்தீன், 2 மீற்றர் நீளம், 1.2 மீற்றர் அகலம், 0.1 மில்லிமீற்றர் தடிப்பு என்றால், சுமார் 220 கிராம்தான். அதுவும் தண்ணீரை விடாது. கல்லிலும் முள்ளிலும் கிழியும், உண்மை. கிழிந்தால் இன்னொன்று வெட்டி வாங்கலாம்.

மழையில் நம்மை நனைப்பது பெரும்பாலும் விரிப்பின் விலையல்ல, விரித்த விதம். விளிம்பு கூடாரத்துக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தால், கூரையிலிருந்து வழியும் நீரை அது ஏந்தி நமக்கு அடியிலேயே கொண்டுவந்து சேர்க்கும். விலை கூடியதும் அதையேதான் செய்யும். நான்கு பக்கமும் உள்ளே மடித்துவிடுங்கள். பள்ளத்தில் கூடாரம் அடிக்காதீர்கள்.

பட்டியலைப் பார்த்த பிறகு, "விருப்பமில்லை" என்று பெயரை வெட்டிய இருவரை எனக்குத் தெரியும். விருப்பம் இல்லாமலல்ல. அந்த ஒரு வரியை அடித்துவிட்டுப் பொலித்தீன் என்று எழுதுங்கள். பாசறைக்கு இன்னும் நாளிருக்கிறது.