பட்டன் போடத் தெரியாத பிள்ளை சோம்பேறியா?

"ஏழு வயசாச்சு, இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியல. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. சாப்பிட்டா பாதி தரையிலதான்!" இப்படிப் புலம்பும் அம்மாக்கள் நிறைய. உடனே பிள்ளைக்கு 'சோம்பேறி' பட்டமும் கிடைத்துவிடும்.

சில குழந்தைகளுக்குக் கையில் பலம் இருக்கும்; அதை எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் அசைப்பது என்று மூளை திட்டமிடுவதில்தான் சிக்கல். டாக்டர்கள் இதை 'டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸார்டர்' என்கிறார்கள். பள்ளி வயதுக் குழந்தைகளில் 100-க்கு 5, 6 பேருக்கு இருக்கலாம். ஏ.டி.ஹெச்.டி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதுவும் சேர்ந்தே வருகிறது. ஆட்டிசத்திலும் சகஜம்தான். ஆனால் அங்கே எல்லோர் கவனமும் பேச்சின் மேலேயே இருக்கும், பிள்ளையின் விரல்களை யாரும் பார்ப்பதில்லை.

பத்துப் பக்கம் காப்பி எழுதவைப்பது தண்டனை, பயிற்சி அல்ல. எந்த வேலை வரவில்லையோ, அதையே துண்டு துண்டாகப் பழக்க வேண்டும். பட்டனை முக்கால்வாசி நீங்களே நுழைத்துவிட்டு, கடைசியாக இழுப்பதை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். அது பழகியதும் ஒரு படி முன்னால் போகலாம். ஒவ்வொரு முறையும் 'நான் போட்டுட்டேன்' என்று சொல்லப்போவது குழந்தைதான். காலையில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும்போது மட்டும் இதை ஆரம்பிக்காதீர்கள்!

வழிகாட்ட ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் இருக்கிறார்கள். 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். நேற்றுவரை செய்துகொண்டிருந்த வேலையைப் பிள்ளை இன்று செய்ய முடியாமல் தடுமாறினால் விஷயம் வேறு. அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.