'ஸ்டிரைக்' என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன?

மில் தொழிலாளி முதல் தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கும் தொழிலாளி வரை எல்லோருக்கும் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை 'ஸ்டிரைக்'. அகராதியைப் புரட்டினால் 'அடி' என்ற அர்த்தம் முன்னால் நிற்கிறது. ஸ்டிரைக் என்றாலே அடிதடி, கலகம் என்று முதலாளிமார் செய்யும் பிரசாரத்துக்கு இது தோதாக இருக்கிறது.

உண்மை என்ன? கப்பற்காரர் பாஷையில் அந்தச் சொல்லுக்குப் பாயைக் கீழே இறக்குதல் என்று பொருள். 1768-ல் லண்டன் துறைமுக மாலுமிகள் கூலி உயர்வு கேட்டுக் கப்பல்களின் பாய்களை இறக்கினார்கள். பாய் இறங்கினால் கப்பல் நகருமா? உழைப்பவன் கை ஓய்ந்தால் முதலாளியின் லாபமும் ஓயும். சொல்லின் உட்பொருள் இதுதான். நம் தமிழ் அதை ஒளிவுமறைவின்றி 'வேலைநிறுத்தம்' என்கிறது.

இந்தச் சொல்லுக்கு நம்மவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்குத் துணைநின்ற வ.உ.சி. அதே ஆண்டு கைதாகி, கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அதே சிறையில்தான் 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையம் தோழர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் தூக்குமேடை ஏறினார்கள்.

இன்று மத்திய சர்க்கார் புது அகராதி எழுதியிருக்கிறது. 2020-ல் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கிய தொழில் உறவுச் சட்டத்தொகுப்பின்படி, தொழிலாளரில் பாதிப்பேர் சேர்ந்து ஒருநாள் தற்செயல் லீவு போட்டாலும் அது ஸ்டிரைக்! எந்தத் தொழிலானாலும் 14 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். சமரசப் பேச்சு நடக்கையில் வேலையை நிறுத்தக்கூடாது. மீறினால் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

முதலாளிக்கோ சலுகை! முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையை மூடவே சர்க்கார் அனுமதி தேவை. இப்போது 300 பேருக்குக் குறைந்தால் அந்த அனுமதி தேவையில்லை. சொல்லின் அர்த்தத்தை விரித்து, உரிமையைச் சுருக்கிவிட்டார்கள்.

தோழர்களே! நம் மில்களில் ஒடிசா, பீகார் சகோதரர்களும் பாடுபடுகிறார்கள். 'வேலைநிறுத்தம்' அவர்களுக்குப் புரியாது, 'ஸ்டிரைக்' புரியும். ஷிப்டு விட்டதும் அவர்களோடு உட்காருங்கள், சட்டத்தை விளக்குங்கள், சங்கத்தில் சேருங்கள். ஒரு பாய்மரத்தை ஒருவன் தனியே இறக்க முடியாது. எல்லாக் கைகளும் சேரட்டும்!