தூண்டிலும் ஈயக்குண்டும்

கோடை வந்தால் ஒன்ராறியோ ஏரிக்கரைகளில் எம்மவர் பலரைத் தூண்டிலுடன் காண்கிறோம். 'பாஸ்' மீனுக்கு பிளாஸ்டிக் புழு கட்டுவோருக்காக இம்முறை சில வார்த்தைகள்.

பாஸ் மீன் பாசிப் பற்றைக்குள் ஒதுங்கி நிற்கும். தங்கூசியில் தளர்வாக ஓடும் குண்டு முதலில் உள்ளே இறங்கிவிட, புழு மேலே தங்கிவிடும். ஆகவே கூம்பு வடிவக் குண்டைப் புழுவின் தலையோடு ஒட்டி இறுக்க வேண்டும். பற்றையில்லாத நீரில் இது தேவையில்லை.

இறுக்குவதற்குப் பல்லுக்குத்தும் குச்சி போதும். குண்டின் அகன்ற பக்கத் துளையில் அதன் நுனியை மெல்லச் செருகி, மிச்சத்தை முறித்துவிடுங்கள். பலமாகச் செருகினால் தங்கூசி நசிந்து, பெரிய மீன் இழுக்கும் வேளையில் அறும். குண்டுக்கு முன்னால் கோர்க்கும் சிறு ரப்பர் தடுப்பும் கடைகளில் உண்டு. அது தங்கூசியை அவ்வளவாகப் பழுதாக்காது.

கழற்றும்போது குண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். கூர்ப்பக்கத் துளையால் மொட்டைக் கம்பியை விட்டுக் குச்சித் துண்டை வெளியே தள்ளுங்கள். பின் தங்கூசியை நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் அவ்விடத்தை வெட்டிப் புதிதாக முடிச்சிடுங்கள்.

இதில் இன்னொரு உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஒரு டொலர் குற்றியில் நாம் காணும் 'லூன்' பறவை, இரை செரிப்பதற்காகக் கூழாங்கல் விழுங்கும். அறுந்து விழுந்த ஈயக்குண்டையும் கல்லென்று விழுங்கி நஞ்சேறி இறக்கிறது. ஒரு சிறு குண்டே போதும். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளுக்கு 1997 முதல் தடை. உருக்கு, டங்ஸ்டன் குண்டுகள் கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடினாலும் அவற்றையே வாங்குவோம்.

ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயதுவரையானோர் மீன்பிடி அனுமதிப்பத்திரம் எடுக்க மறவாதீர்கள்.