கோட்டின் மேல் ஒரு வார்த்தை

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கமாக வாசலிலேயே ‘காப்பி போடட்டுமா?’ என்று கேட்கிறவள், அன்று கேட்கவில்லை. லாமினேஷன் செய்த ஒரு கலர் பேப்பரை நீட்டினாள். ஏதோ ஸ்கேன் ரிப்போர்ட் என்று வயிறு கலங்கிப் படித்துப் பார்த்தால், பத்தாம் வகுப்பு படிக்கும் அவள் பையன் எந்த ரகம் என்று ஒரு டியூஷன் சென்டர் கொடுத்திருக்கும் சர்டிபிகேட்!

பார்த்துக் கற்பவன், கேட்டுக் கற்பவன், படித்து எழுதிக் கற்பவன், செய்து கற்பவன் என்று மனிதர்கள் நாலு ரகமாம். நம்மவன் நாலாவது. 16 கேள்வி, இருபது நிமிஷம், கட்டணம் 800 ரூபாய். ஜாதகம் பார்க்கிறவர்கூட இவ்வளவு வாங்குவதில்லை. அதோடு அவர் பரிகாரமும் சொல்வார்.

“படிக்கிறது அவனுக்கு ஒத்துக்காதாம்டா. அவன் டைப் அப்படியாம்” என்றாள் அக்கா, வேர்க்கடலை அலர்ஜி என்று டாக்டர் சொல்லிவிட்ட தோரணையில்.

பையன் சோபாவில் படுத்தபடியே ஆமோதித்தான். “நான் கைனஸ்தெடிக் மாமா. புக்கை வச்சுக்கிட்டு உக்காந்தா எனக்கு ஏறாது.” அந்த ஒரு வார்த்தையை மட்டும் பிசிறில்லாமல் சொன்னான். அரையாண்டில் சயின்ஸ் மார்க் 41. சர்டிபிகேட் வருவதற்கு முன்னால் அதைச் சொல்ல அவனுக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. எனக்குக் கவலை அங்கேதான். 15 வயதில் ஒருவனிடம் ‘நீ புத்தகம் படிக்கிற ஜாதி இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அவன் ஆயுசுக்கும் அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு அலைவான்.

இந்த நாலு ரகப் பட்டியல் நியூசிலாந்து சரக்கு. நீல் ஃப்ளெமிங் என்பவர் பெயரில் 1992-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இது ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். 2004-ல் இங்கிலாந்தில் ஒரு குழு உட்கார்ந்து எண்ணியதில், இப்படி மாணவர்களைப் பங்கு பிரிக்கும் திட்டங்கள் 71 தேறின. 2008-ல் பாஷ்லர் முதலான நாலு அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்கள். ‘பார்க்கிற’ ரகத்தில் பாதிப் பேருக்குப் படம் காட்டு, மீதிப் பாதிக்கு வாயால் சொல்லு. ‘கேட்கிற’ ரகத்துக்கும் அதே மாதிரி செய். எல்லோருக்கும் ஒரே பரீட்சை வை. அவரவர் ரகப்படி படித்தவர்கள் ஜெயித்தால் ஒப்புக்கொள்கிறோம் என்றார்கள். அப்படி முறையாகச் சோதித்து நிரூபித்த ஆதாரம் கிட்டத்தட்ட இல்லை என்பதுதான் அவர்கள் முடிவு. ஒழுங்காகச் செய்த சில சோதனைகளோ எதிர்ப்பக்கம் சாட்சி சொல்லின.

படம் பிடிக்கும், பேச்சு பிடிக்கும் என்பதெல்லாம் வாஸ்தவம்தான். எனக்கு வற்றல்குழம்பு பிடிக்கும். அதனால் என் குடல் வற்றல்குழம்பை மட்டும்தான் ஜீரணிக்கும் என்றால் எப்படி? எதை எப்படிப் படிப்பது என்பதைப் பெரும்பாலும் பாடம்தான் தீர்மானிக்கிறது. நதிகளின் மேப்பைக் காதால் கற்க முடியாது. கல்யாணி ராகத்தைக் கண்ணால் கற்க முடியாது.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னால் “800 ரூபாய் கட்டியாச்சுடா” என்பாள். எனவே பையனிடமே போனேன்.

“ஒளிச்சேர்க்கைன்னா என்னடா?”

கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். முற்றுப்புள்ளியில்கூட மூச்சு விடவில்லை. ஐந்து மார்க் நிச்சயம்.

“சரி, வாசல்ல இருக்கே வேப்பமரம், அவ்வளவு கனமும் எங்கேருந்து வந்துச்சு?”

“மண்ணுலேர்ந்து மாமா.”

“தினம் தண்ணி ஊத்தறது நான்” என்றாள் அக்கா. அத்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் “உரம்” என்றார். ஒரே மரத்துக்கு மூன்று பதில். ஒளிச்சேர்க்கையை ஒப்பித்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை, அந்தப் பெயரை யாரும் எடுக்கவில்லை!

இந்த வியாதிக்கு ஒரு பழைய எக்ஸ்ரே இருக்கிறது. பெயர் கருத்து வரைபடம். 1972-ல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்ற பேராசிரியர் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சயின்ஸ் பாடம் வைத்து, அவர்களைப் பேட்டி எடுத்து, தொடர்ந்து 12 வருஷம் கவனித்து வந்தார். பேட்டிகள் மலையாகக் குவிந்தன. எந்தக் குழந்தை தலையில் என்ன மாறியது என்று அதைப் படித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போதுதான் ஒரு தாளில் கருத்துகளைத் தனித்தனிக் கட்டங்களில் எழுதி, நடுவே கோடு போட்டு இணைத்துப் பார்க்கும் யோசனை வந்தது. புதிய விஷயம் ஏற்கனவே தலையில் இருக்கும் விஷயத்தில் போய் மாட்டிக்கொண்டால்தான் நிற்கும், இல்லாவிட்டால் வெறும் நெட்டுரு என்று டேவிட் அசுபெல் சொன்னதுதான் இதற்கு அஸ்திவாரம்.

முக்கியமான விதி ஒன்றே ஒன்று. கோடு போட்டால் போதாது, கோட்டின் மேல் ஒரு வார்த்தை எழுத வேண்டும். ‘பச்சையம்’, ‘வெளிச்சம்’ என்று இரண்டு கட்டம் போட்டு இணைப்பது யாராலும் முடியும். நடுவில் ‘உறிஞ்சுகிறது’ என்று எழுதும்போதுதான் குட்டு வெளிப்படும். (எங்கள் ஆபீஸ் சுவரில்கூட இப்படி ஒரு படம் மாட்டியிருக்கிறது. மேலே மானேஜர், கீழே நாங்கள், நடுவே கோடுகள். கோட்டின் மேல் வார்த்தை கிடையாது. எழுதினால் வேலை போய்விடும்.)

பழைய காலண்டர் தாளைக் கிழித்து ஒன்பது சீட்டு எழுதினோம். மரம், மண், தண்ணீர், வெளிச்சம், இலை, பச்சையம், கரியமில வாயு, ஆக்ஸிஜன், குளுக்கோஸ். தரையில் பரப்பினோம். “இது கைனஸ்தெடிக்தானே மாமா?” என்று கேட்டான். ஆமாம்டா, வெச்சுக்கோ என்றேன்.

பத்து நிமிஷத்தில் எக்ஸ்ரே ரெடி. ‘மண்’ணிலிருந்து ‘மரத்து’க்குக் கோடு, மேலே ‘சாப்பாடு போடுகிறது’. கரியமில வாயுவிலிருந்து ஆக்ஸிஜனுக்கு இன்னொரு கோடு, மேலே ‘மாறுகிறது’. குளுக்கோஸ் சீட்டு மட்டும் தெரிந்தவர் யாருமில்லாத கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி ஓரமாக நின்றது. கோடே கிடையாது.

அந்த ஆக்ஸிஜன் கோட்டைப் பார்த்துச் சிரிக்கப் போனேன். சட்டென்று வாயை மூடிக்கொண்டேன். ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இலை விடும் ஆக்ஸிஜன் வருவது தண்ணீரிலிருந்து. 1941-ல் கலிஃபோர்னியாவில் ரூபன், கேமன் கோஷ்டி கனமான ஆக்ஸிஜனைத் தண்ணீரில் அடையாளத்துக்குக் கலந்து கண்டுபிடித்தது.

மரத்தின் கனத்துக்கு அவனுக்கு ஒரு கதை சொன்னேன். பெல்ஜியத்தில் வான் ஹெல்மான்ட் என்று ஒருவர் இருந்தார். 17-ம் நூற்றாண்டு. ஒரு தொட்டியில் 200 பவுண்டு காய்ந்த மண்ணைப் போட்டு, 5 பவுண்டு வில்லோ செடியை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிறகு பிடுங்கி நிறுத்தார். மரம் 169 பவுண்டு. மண்ணைக் காயவைத்து நிறுத்தால் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ், 60 கிராம்கூட இல்லை!

“அப்ப மண்ணு இல்லையா?” என்று எழுந்து உட்கார்ந்தான்.

மண் இல்லை, எல்லாம் தண்ணீர்தான் என்று எழுதிவைத்தார் ஹெல்மான்ட். (அக்கா முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை.) அவர் இறந்தபிறகு 1648-ல் புத்தகமாக வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஹெல்மான்ட் 62 பவுண்டு ஓக் மரக்கரியை எரித்து, 1 பவுண்டு சாம்பல்தான் மிஞ்சியது, பாக்கி 61-ம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாகப் பறந்துபோனது என்றும் எழுதியிருக்கிறார். அந்த மாதிரிச் சமாச்சாரத்துக்கு ‘கேஸ்’ என்று உலகத்திலேயே முதலில் பெயர் வைத்தவரும் அவர்தான். அதைத்தான் இன்று கரியமில வாயு என்கிறோம். மரம் எரிந்தால் வாயுவாகப் போகிறது என்று தெரியும். மரம் எங்கிருந்தோ கனம் வாங்குகிறது என்றும் தெரியும். இரண்டு சீட்டும் கையில் இருந்தது. நடுவில் கோடு போடவில்லை. அவருக்கே அப்படி என்றால் 41 மார்க் பையனைத் திட்டி என்ன பிரயோஜனம்?

பையன் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. (சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று வாத்தியார்களுக்குத் தெரியும்.) மண் கோட்டை அடித்தான். கரியமில வாயுவிலிருந்து குளுக்கோஸுக்கு ஒரு கோடு போட்டு, ‘தண்ணியோட சேர்ந்து’ என்று எழுதினான். குளுக்கோஸிலிருந்து மரத்துக்கு இன்னொன்று. மேலே என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்தான். ‘கோர்த்தால்’ என்று எழுதினான். மரக்கட்டையின் செல்லுலோஸ், குளுக்கோஸ்களைச் சரம் சரமாகக் கோர்த்ததுதான். பூக்காரம்மா வேலை.

“அப்ப வேப்பமரம் பாதி காத்தா மாமா?”

“பாதிக்கு மேலயேடா.”

வாசலுக்குப் போய் ஒருதரம் பார்த்துவிட்டு வந்தான்.

உற்சாகத்தில் ஒரு எச்சரிக்கையை விட்டுவிடக் கூடாது. 2011-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்பிக்கி, பிளன்ட் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். சில மாணவர்கள் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைபடம் போட்டார்கள். வேறு சிலர் படித்துவிட்டு, மூடிவைத்து, ஞாபகம் வந்ததை எழுதினார்கள், மறுபடி படித்து மறுபடி எழுதினார்கள். ஒரு வாரம் கழித்துப் பரீட்சை. மூடிவைத்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள், பரீட்சையே வரைபடம் போடுவதாக இருந்தபோதும்! ஆகவே டிபார்ட்மென்ட் டெஸ்ட், குரூப் ஃபோர் என்று ராத்திரி கண் விழிக்கும் நண்பர்களே, வரைபடம் போடுங்கள். ஆனால் புத்தகத்தை அடுத்த ரூமில் வைத்துவிட்டுப் போடுங்கள். அதைப் பார்த்துப் போட்டால் நன்றாக வந்திருப்பது படம் மட்டும்தான்.

நேற்று மறுபடி அக்கா வீட்டுக்குப் போனேன். சர்டிபிகேட் ஹாலில் கவிழ்ந்து கிடந்தது. லாமினேஷன் செய்த பின்பக்கம் வெள்ளையாக, வழவழவென்று, ஸ்கெட்ச் பேனாவில் எழுதினால் ஈரத்துணியால் துடைக்க வசதியாக இருக்கிறதாம். அதில் கட்டம் கட்டமாக ஏதோ போட்டிருந்தான். புத்தகம் கண்ணில் படவில்லை. ‘மின்னழுத்தம்’ என்று ஒரு கட்டம், ‘மின்னோட்டம்’ என்று ஒரு கட்டம், நடுவே நீளமாக ஒரு கோடு, அதன் மேல் ஒரு கேள்விக்குறி.

“இந்தக் கோட்டுல என்ன மாமா எழுதறது?”

“அக்கா, காப்பி இருக்கா?” என்றேன்.